மில் மோட்டாரின் வோல்ட்டேஜும் ஆம்ப்ஸும்: தனி ஒயரா, பொது லைனா?

பிசான அறுவடை முடிந்து நெல் வந்து குவிகிற மாசி, பங்குனியில் அரிசி மில் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். அந்த நேரம் பார்த்து பாலிஷர் மோட்டாரின் காயில் கருகினால், ரீவைண்டிங் கூலியை விட மில் நின்ற நாட்களின் நஷ்டம்தான் பெரிதாக இருக்கும். இத்தனைக்கும் மோட்டார் ஒரே நாளில் கெட்டுப்போவது குறைவு. பேரிங் தேய்ந்தோ, பெல்ட் இறுகியோ, ஒரு பேஸில் வோல்ட்டேஜ் இறங்கியோ, சில நாளாகவே ஆம்ப்ஸ் கூடிக்கொண்டு வந்திருக்கும். அதைப் பார்க்க ஆள் இருந்திருக்காது.

அதனால்தான் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், அம்பாசமுத்திரம் பக்கம் மில் வைத்திருக்கிற அண்ணாச்சிகள், "ஒவ்வொரு மோட்டாரும் எத்தனை ஆம்ப்ஸ் இழுக்குன்னு ஆபீஸ்ல இருந்தே பாக்கணும், என்ன போடலாம்?" என்று கேட்கிறார்கள். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினால் மூன்று விதமாக வரும். ஒருவர் மோட்டாருக்கு மோட்டார் டிரான்ஸ்டியூசர் வைத்து, 4-20 மில்லி ஆம்ப் சிக்னலை பிஎல்சிக்கு (மெஷின்களை இயக்கி நிறுத்துகிற கன்ட்ரோலர்) கொண்டுபோகலாம் என்பார். இன்னொருவர், எல்லா மோட்டாருக்கும் டிஜிட்டல் மீட்டர் வைத்து ஒரே ஆர்எஸ்-485 லைனில் கோத்துவிடலாம் என்பார். மூன்றாவதாக வருகிற இன்ஜினியரிங் காலேஜ் பையன், "இதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு, ஈஎஸ்பி32ங்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டும் நாலு மாட்யூலும் போதும்" என்பான். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேரும் வேறு வேறு வேலைக்கான சாமானைச் சொல்கிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்குப் பார்க்க பொது லைன் போதும். மோட்டாரை உடனே நிறுத்த வேண்டிய இடத்துக்கு தனி ஒயர் வேண்டும். சின்ன போர்டு, பேனல் பெட்டியை விட்டு வெளியே வரக் கூடாது.

பேச்சுக்கு ஒரு மில்லை எடுத்துக்கொள்வோம். ஷெல்லர், பாலிஷர், எலிவேட்டர், புளோயர், டிரையர், பாய்லர் தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்த்து 12 மோட்டார். பெரிய ஷெட்டில் இரண்டு பேனல். களத்தைத் தாண்டி 150 மீட்டர் தள்ளி பாய்லர் பக்கம் ஒரு பேனல். மூன்று நான்கு மோட்டார் மட்டும் இருக்கிற சின்ன மில் என்றால் இந்தக் கட்டுரையே வேண்டாம். நல்ல கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்கி, காலையும் சாயங்காலமும் பார்த்து நோட்டில் எழுதச் சொன்னால் முக்கால்வாசிப் பலன் கிடைத்துவிடும்.

எதை அளக்கிறோம்?

ஒரு பேஸின் ஆம்ப்ஸ் மட்டும் பார்த்தால் போதுமா என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது. மூன்று பேஸ் வோல்ட்டேஜுக்குள் 1 சதவீத ஏற்றத்தாழ்வு வந்தாலே ஆம்ப்ஸில் 6 முதல் 10 சதவீதம் வரை ஏற்றத்தாழ்வு வரும். காயில் சூடாவது அங்கேதான் தொடங்குகிறது. ஒரு ஃபியூஸ் போய் மோட்டார் இரண்டு பேஸில் ஓடினால், மிச்சமுள்ள இரண்டிலும் ஆம்ப்ஸ் ஏறக்குறைய 1.7 மடங்கு ஆகும். நாம் சிடி (ஆம்ப்ஸை அளக்க ஒயரில் மாட்டும் கரண்ட் டிரான்ஸ்பார்மர்) போட்டது ஃபியூஸ் போன பேஸில் என்றால் கம்ப்யூட்டரில் சுழிதான் தெரியும். மோட்டார் ஓடவில்லை என்று நினைத்துக்கொள்வோம், அது அங்கே வெந்துகொண்டிருக்கும்.

ஆக, மோட்டாருக்கு மூன்று வோல்ட்டேஜ், மூன்று ஆம்ப்ஸ். 12 மோட்டாருக்கு 72 அளவு. இந்த 72 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

தனி ஒயர்: 4-20 மில்லி ஆம்ப்

பழைய முறை, ஆனால் நல்ல முறை. மோட்டார் 0 முதல் 100 ஆம்ப்ஸ் வரை இழுக்கலாம் என்றால், டிரான்ஸ்டியூசர் அதை 4 முதல் 20 மில்லி ஆம்ப் ஆக மாற்றித் தரும். 50 ஆம்ப்ஸ் ஓடினால் ஒயரில் 12 மில்லி ஆம்ப். மோட்டார் நின்றால் 4. ஒயரை எலி கடித்துவிட்டால் 0. மோட்டார் ஓடவில்லை என்பதும் ஒயர் இல்லை என்பதும் இதில் தனித்தனியாகத் தெரியும். தவிட்டுக்கும் அரிசிக்கும் எலி வராத மில் எங்கே இருக்கிறது?

செல்வது மின்னோட்டம் என்பதால் ஒயரின் நீளம் அளவைக் கெடுப்பதில்லை. பிஎல்சி பக்கம் 250 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் 1 முதல் 5 வோல்ட் ஆகக் கிடைக்கும். சந்தேகம் வந்தால் மில் எலக்ட்ரீஷியனே மல்டிமீட்டரை சீரியஸில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், லேப்டாப் தேவையில்லை. ஒன்று கெட்டால் அந்த ஒன்று மட்டும்தான் கெடும், மற்றது அதுபாட்டுக்கு ஓடும். யாரும் கேட்கும்வரை காத்திருக்காமல் சிக்னல் எப்போதும் வந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவு நல்லதென்றால் எல்லாவற்றுக்கும் இதையே போட்டுவிடலாமே? 72 அளவுக்கு 72 சேனல் வேண்டும். 4 சேனல் அனலாக் கார்டு என்றால் 18 கார்டு. அதற்கு 72 ஜோடி ஒயர், அத்தனை டெர்மினல், அதையெல்லாம் வைக்க இன்னொரு பேனல். கொட்டேஷனைப் பார்த்ததும் அண்ணாச்சி, "ஏ, மோட்டாருக்கு ஒண்ணு போதும்யா" என்பார். பணத்தைக் குறைக்கப் போய் ஒரு பேஸ் ஆம்ப்ஸ் மட்டும் அளப்பதில் வந்து நிற்கும். அதன் ஆபத்தைத்தான் மேலே பார்த்தோம்.

பொது லைன்: ஆர்எஸ்-485

ஒரு மோட்டாருக்கு ஒரு மல்டிஃபங்ஷன் மீட்டர். மூன்று பேஸ் வோல்ட்டேஜ், ஆம்ப்ஸ், பவர் ஃபேக்டர், யூனிட் எல்லாவற்றையும் அதுவே கணக்குப் போட்டு வைத்திருக்கும். 12 மீட்டரையும் ஒரே ஒயரில் வரிசையாகக் கோத்து ஆபீஸ் வரை கொண்டுபோகலாம். 72 அளவு, கூடவே யூனிட் கணக்கும், ஒரே கேபிளில். செலவில் இதை அடிக்க வேறு வழியில்லை.

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஆர்எஸ்-485 என்பது ஒயரில் சிக்னல் எப்படிப் போக வேண்டும் என்ற 1983-ஆம் ஆண்டுத் தரம். அந்த ஒயரில் என்ன பேசுவது என்பது மாட்பஸ். 1979-ல் மோடிகான் கம்பெனி தன் பிஎல்சிக்காகக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் நாற்பது வயது தாண்டிவிட்டது. அதனால்தான் எந்தக் கம்பெனி மீட்டரை வாங்கினாலும் இது இருக்கிறது.

பந்தி பரிமாறுகிறவர் ஒவ்வொரு இலையாக நின்று கேட்டுப் போவது மாதிரிதான் இதன் வேலை. ஆபீஸ் கம்ப்யூட்டர் 1-ஆம் மீட்டரைக் கேட்கும், அது பதில் சொல்லும். பிறகு 2-ஆம் மீட்டர். கேட்காமல் எந்த மீட்டரும் வாய் திறக்காது. ஒருவர் பதில் சொல்லாமல் இருந்தால் வரிசையே காத்திருக்கும்.

எவ்வளவு நேரம் ஆகும்? விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு எழுத்துக்கு 1 மில்லி விநாடிக்குச் சற்று மேல். கேள்வி 8 எழுத்து. ஆறு அளவுகளையும் ஒரே கேள்வியில் கேட்டால் பதில் 29 எழுத்து. மொத்தம் ஏறக்குறைய 40 மில்லி விநாடியில் ஒயரில் போய்வந்துவிடும். மீட்டர் யோசிக்க எடுக்கும் நேரத்தையும் சேர்த்து 120 என்று வைத்தாலும், 12 மீட்டரையும் ஒன்றரை விநாடியில் சுற்றி வந்துவிடலாம். அதையே ஒவ்வொரு அளவாக ஆறு முறை கேட்டால் சுற்றுக்கு 7 விநாடி ஆகும். மென்பொருள் எழுதுகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். மீட்டரின் ரெஜிஸ்டர் பட்டியலில் (எந்த அளவு எந்த எண்ணில் கிடைக்கும் என்ற பட்டியல்) வோல்ட்டேஜும் ஆம்ப்ஸும் அடுத்தடுத்து இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்ப்பது நல்லது.

ஒரு மீட்டர் செத்துவிட்டால்? பதிலுக்கு 1 விநாடி காத்திருந்து, மூன்று தடவை முயற்சி செய் என்று வைத்திருந்தால், சுற்றுக்கு 3 விநாடி வீணாகும். ஒன்றரை விநாடிச் சுற்று நாலரை ஆகிவிடும். செத்த மீட்டரைத் தள்ளி வைத்துவிட்டு எப்போதாவது மட்டும் எட்டிப் பார்க்கிற மாதிரி எழுதச் சொல்ல வேண்டும்.

இனி வயரிங். இந்த முறையின் கெட்ட பெயர் எல்லாம் இங்கேதான் சம்பாதித்தது. ஒயர் மீட்டருக்கு மீட்டர் சங்கிலியாகப் போக வேண்டும். வீட்டு வயரிங் பழக்கத்தில் நடுவில் ஒரு பெட்டி வைத்து நாலு பக்கமும் கிளை பிரித்தால், சிக்னல் எதிரொலித்து, சில மீட்டர் பேசும், சில பேசாது. சங்கிலியின் இரண்டு நுனியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு லைனின் இரண்டு ஒயருக்கு நடுவே மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்தால் 60 பக்கம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்க ரெசிஸ்டர் இல்லை, அல்லது நடுவில் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது. 40 காட்டினால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். ஏதாவது மீட்டரின் உள்ளே அந்த ஸ்விட்ச் ஆன் ஆகியிருக்கும்.

ஒயர் இரண்டுதான் என்பார்கள், மூன்று இழுங்கள். இரண்டு ஒயருக்குமான வித்தியாசத்தைத்தான் மீட்டர் படிக்கிறது. ஆனால் தரைக்கும் அந்த ஒயர்களுக்கும் இடையே -7 முதல் +12 வோல்ட் வரைதான் சிப் தாங்கும் என்று தரம் சொல்கிறது. பெரிய ஷெட்டுக்கு ஒரு எர்த் குழி, பாய்லருக்கு வேறு எர்த் குழி என்று இருக்கும்போது இரண்டுக்கும் நடுவே வோல்ட்டேஜ் வித்தியாசம் வந்தே தீரும். மூன்றாவது காமன் ஒயர் அதைச் சமன் செய்யும். களத்தைத் தாண்டிப் போகிற 150 மீட்டருக்கு அதுவும் போதாது. ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலமானால் மேற்கே மலைப் பக்கம் இடி இறங்குகிற ஊர் இது. திறந்தவெளியில் செம்பு ஒயரை இழுத்து இரண்டு கட்டிடத்தை இணைத்தால் ஒரு மின்னலுக்கு இரண்டு பக்க மீட்டரும் போய்விடும். அந்தத் துண்டுக்கு மட்டும் ஃபைபர் கேபிளும் இரண்டு பக்கமும் கன்வெர்ட்டரும் போடுவது என் விருப்பம். அது முடியாதென்றால் ஐசோலேட்டட் ரிப்பீட்டரும் சர்ஜ் அரெஸ்டருமாவது வேண்டும்.

புது மீட்டர்கள் பெரும்பாலும் 1 என்ற முகவரியோடுதான் வரும். அப்படியே 12 மீட்டரையும் கோத்தால் 1 என்று கூப்பிட்டதும் எல்லாம் ஒன்றாகப் பேசி, ஒன்றும் புரியாது. மேசையில் வைத்து ஒவ்வொன்றாக முகவரி மாற்றி, மேலே மார்க்கரில் எழுதிய பிறகுதான் பேனலில் ஏற்ற வேண்டும். மாட்பஸில் 1 முதல் 247 வரை முகவரி உண்டு. லைனில் 32 சாதனம் என்பது பழைய சிப் கணக்கு. புதுச் சிப்கள் அதைவிடக் கூடுதலாகவும் தாங்கும். 12-க்கு எந்தக் கவலையும் இல்லை.

ஏ, பி என்ற ஒயர் பெயர்களை ஒரு கம்பெனி ஒரு மாதிரியும் இன்னொரு கம்பெனி அதற்கு நேர்மாறாகவும் போடும். பேசாவிட்டால் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், ஒன்றும் எரிந்துவிடாது.

அப்புறம் ஒரு வேடிக்கை. எல்லாம் சரியாகப் பேசும், ஆனால் திரையில் 231.4 வோல்ட்டுக்குப் பதிலாக 27-க்குப் பின்னால் 22 சுழியம் போட்ட எண் வரும். மீட்டர் கெடவில்லை. தசம எண்ணை மீட்டர் இரண்டு ரெஜிஸ்டராகப் பிரித்து அனுப்புகிறது. 231.4 என்பது ஹெக்ஸ் கணக்கில் 4367, 6666 என்ற இரண்டு துண்டாக வரும். படிக்கிறவர் முன்பின்னாக ஒட்டினால் அந்தப் பூதாகரமான எண்தான் கிடைக்கும். மென்பொருளில் ஒரு டிக் மாற்றினால் சரியாகிவிடும். இதே குடும்பத்தில் இன்னொன்று: கையேட்டில் 30001 என்று போட்டிருப்பதை ஒயரில் 0 என்று கேட்க வேண்டும். ஒன்று தள்ளிக் கேட்டால் வோல்ட்டேஜ் இருக்க வேண்டிய இடத்தில் சம்பந்தமில்லாத எண் வந்து நிற்கும்.

சிடி பற்றிக் கொஞ்சம்

மீட்டர் எதுவானாலும் ஆம்ப்ஸ் சிடி வழியாகத்தான் வரும். 50 எச்பி மோட்டார் முழு லோடில் 70 ஆம்ப்ஸ் பக்கம் இழுக்கும். 100/5 சிடி, அதாவது 100 ஆம்ப்ஸை 5 ஆம்ப்ஸாகக் குறைத்துத் தருவது, பொருந்தும். எலிவேட்டருக்கு இருக்கிற 5 எச்பி மோட்டார் 7 ஆம்ப்ஸ்தான் இழுக்கும். அதற்கும் கையில் இருக்கிறதே என்று 100/5 போட்டால் அளவு கீழ்க்கோடியில் கிடந்து துல்லியம் போய்விடும். 50/5 சிடி எடுத்து, மோட்டார் ஒயரை அதன் ஓட்டைக்குள் 5 தடவை நுழைத்துச் சுற்றினால் அது 10/5 சிடி ஆகிவிடும். மீட்டரிலும் 10/5 என்று செட் செய்ய வேண்டும். மறந்தால் ஆம்ப்ஸ் 5 மடங்காகத் தெரியும்.

மோட்டார் ஓடும்போது சிடியின் செகண்டரி ஒயரைக் கழற்றவே கூடாது. திறந்த நுனியில் ஆளைக் கொல்கிற அளவுக்கு வோல்ட்டேஜ் எழும். மீட்டரை மாற்ற வேண்டுமென்றால் முதலில் இரண்டு நுனியையும் ஷார்ட் செய்ய வேண்டும். அதற்கென்று ஷார்ட்டிங் லிங்க் உள்ள டெர்மினல் போடச் சொல்லுங்கள். கொட்டேஷனில் இது இல்லாவிட்டால் அந்த ஆளுக்கு வேலை தெரியாது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

சின்ன போர்டுகள்

காலேஜ் பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் சொல்வது சில இடங்களில் மிகச் சரி. ஐஎன்ஏ226 என்ற சிப் 36 வோல்ட் வரை டிசி அளக்கும், ஷன்ட்டில் (ஆம்ப்ஸ் அளக்க லைனில் வைக்கும் மிகச் சிறிய ரெசிஸ்டர்) 81.92 மில்லி வோல்ட் வரை படிக்கும். கடையில் கிடைக்கும் 75 மில்லி வோல்ட் ஷன்ட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். ஜெனரேட்டர் பேட்டரி, 24 வோல்ட் கன்ட்ரோல் சப்ளை போன்றவற்றை அளக்க இதைவிட மலிவானது இல்லை. ஒரே லைனில் 16 வைக்கலாம்.

ஆனால் அந்த லைன் ஐ2சி. ஒரு போர்டுக்குள் சிப்பும் சிப்பும் பேச உண்டாக்கியது. ஒயர் நீண்டால் அதன் கெப்பாசிட்டன்ஸ் கூடி, 400 பிக்கோ ஃபேரட் தாண்டியதும் சிக்னல் மழுங்கிவிடும். ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. ஒரு சிப் தொங்கி ஒயரைக் கீழே இழுத்துப் பிடித்தால் மொத்த லைனும் ஊமை. பக்கத்தில் கன்டாக்டர் அடித்தாலே தடுமாறுகிற ஜாதி.

ஏசி மின்சாரத்தை அளக்க இன்னும் சிக்கல். ஏடிஎஸ்1115 என்ற அளக்கும் சிப் விநாடிக்கு 860 தடவை படிக்கும். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக்கு 17 புள்ளி. அதை நான்கு சேனலுக்குப் பிரித்தால் தலைக்கு நான்கு. நான்கு புள்ளியை வைத்து, விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) சிதைத்த அலையின் உண்மையான ஆம்ப்ஸைச் சொல்ல முடியாது. அதோடு இந்த மாட்யூல்களில் ஐசோலேஷன், அதாவது மெயின் லைனைத் தொடர்பில்லாமல் பிரித்து வைக்கும் தடுப்பு, கிடையாது. ரெசிஸ்டர் வைத்து 230 வோல்ட்டைக் குறைத்து நேரே கொடுத்தால், கம்ப்யூட்டரைத் தொடுகிறவர் கை லைனைத் தொடுகிற மாதிரிதான். பிசெம்-004டி போன்ற ரெடிமேட் மாட்யூல் அந்த வகையில் தேவலை: 80 முதல் 260 வோல்ட், 100 ஆம்ப்ஸ் வரை, மாட்பஸும் பேசும். ஆனால் சிங்கிள் பேஸ், நீண்ட ஒயருக்கும் ஆகாது. ஆபீஸ் ஏசி எவ்வளவு தின்கிறது என்று பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

வைஃபை மீட்டரையும் கேட்பார்கள். தகர ஷெட்டுக்குள், உமித் தூசிக்கும் விஎஃப்டி இரைச்சலுக்கும் நடுவே, எனக்கு நம்பிக்கை இல்லை.

கையில் இருப்பதை மறக்க வேண்டாம்

புளோயருக்கோ பாய்லர் ஃபேனுக்கோ ஏற்கெனவே விஎஃப்டி இருந்தால், அதிலேயே ஆர்எஸ்-485 முனை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மோட்டார் ஆம்ப்ஸ், டிசி வோல்ட்டேஜ், கடைசியாக என்ன காரணத்துக்கு டிரிப் ஆனது என்பது வரை அதுவே சொல்லும். அங்கே தனி மீட்டர் தண்டம். யூனிட் கணக்கும் வேண்டும் என்றால் மீட்டரை விஎஃப்டியின் உள்வரும் பக்கம் வையுங்கள். மோட்டார் பக்கம் வருவது வெட்டி வெட்டி வரும் அலை. சாதாரண மீட்டர் அதைத் தப்பாகப் படிக்கும். பொது லைன் கேபிளை விஎஃப்டியின் மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் போடாதீர்கள். குறுக்கிட்டே ஆக வேண்டும் என்றால் நேர்க் குறுக்காகக் கடக்கட்டும்.

அந்த மில்லுக்கு என்ன போடுவேன்?

12 மோட்டாரில் விஎஃப்டி இருப்பது போக மிச்சத்துக்கு ஆர்எஸ்-485 மீட்டர். மூன்று பேனலும் ஒரே சங்கிலி, களத்தைத் தாண்டும் துண்டு ஃபைபர். பாலிஷருக்கும் பாய்லர் தண்ணீர் பம்புக்கும் மட்டும் கூடுதலாக 4-20 டிரான்ஸ்டியூசர், நேரே பிஎல்சிக்கு. பாலிஷர் ஆம்ப்ஸைப் பார்த்து அரிசி விழுகிற வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அம்பை 16 மாதிரி குண்டு அரிசிக்கும் சன்ன ரகத்துக்கும் லோடு மாறும். அந்த வேலைக்கு ஒன்றரை விநாடி பழசான எண் உதவாது. தண்ணீர் பம்ப் நின்றது தெரியாமல் பாய்லர் எரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாய்லரின் தண்ணீர் மட்டப் பாதுகாப்பு அதுபாட்டுக்குத் தனியாக இருக்கும், இது அதற்கு மேல் ஒரு கண்.

ஸ்டார்ட்டரில் இருக்கிற ஓவர்லோடு ரிலே, சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் எதையும் கழற்றக் கூடாது. "அதான் கம்ப்யூட்டர்ல தெரியுதே" என்று சொல்லி ரிலேயைக் குறைக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் சிக்கி நின்றால் ஆம்ப்ஸ் 6 மடங்கு எகிறும். அந்த நேரம் கம்ப்யூட்டர் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தால்?

உவரி, கூத்தங்குழி பக்கம் ஐஸ் பிளான்ட் என்றால் இதே திட்டம்தான், மீட்டர் மட்டும் நல்ல மூடிய பெட்டிக்குள். உப்புக் காற்று டெர்மினலைத் தின்றுவிடும். இரண்டே மோட்டார் இருக்கும் கல் குவாரி என்றால் பொது லைன் வேண்டாம், 4-20 போதும்.

கொட்டேஷனில் எழுதி வாங்க வேண்டியது சில. ரெஜிஸ்டர் பட்டியல் தாளாகக் கைக்கு வர வேண்டும். எந்த மீட்டருக்கு என்ன முகவரி, என்ன வேகம், என்ன பாரிட்டி, சிடி எத்தனைக்கு எத்தனை என்பது ஒவ்வொரு பேனல் கதவின் உள்பக்கமும் ஒட்டியிருக்க வேண்டும். முகவரி போடாத மீட்டர் ஒன்று ஸ்பேராக ஆபீஸ் பீரோவில் இருக்க வேண்டும். சீசன் நடுவில் ஒன்று போனால் கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வரும்வரை உட்கார்ந்திருக்க முடியாது. முகவரி மாற்றுவது எப்படி என்று மில் எலக்ட்ரீஷியனுக்கு அவர்கள் முன்னாலேயே ஒரு தடவை செய்துகாட்டி, அவர் கையாலும் ஒரு தடவை செய்ய வைத்த பிறகுதான் கடைசி பில்லுக்குப் பணம்.